டெர்மெசோஸில் பூனை இருந்ததா?

"மகளே, இந்த ஊர்க்காரங்க மாடு வளர்த்தாங்களா, ஆடு வளர்த்தாங்களா?"

கேட்டவர் ருஸ்தெம். துருக்கியின் அந்தால்யா நகரத்திலிருந்து பழங்காலத்து ஊர்களைப் பார்க்கக் கிளம்பிய கூட்டத்தில் அவர்தான் மூத்தவர். டெர்மெசோஸ் மலைப்பாதையில் கால் வைத்ததிலிருந்து வளைவுக்கு ஒரு கேள்வி.

வழிகாட்டி பெரிஹான் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த மலையை முடித்துவிட்டு, சாயங்காலம் கதவு சாத்துவதற்குள் பெர்கே என்ற இன்னொரு பழைய ஊருக்கும் போயாக வேண்டும். போன வாரக் கூட்டம் பெர்கேயின் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் வேறு வேலை தேடிக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஆடுதான் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நடந்தாள். அடுத்த வளைவிலேயே அவர் நின்றார். அலெக்சாண்டராலேயே பிடிக்க முடியாத ஊராமே, அவன் திரும்பிப் போனபோது இவர்கள் மேலே நின்று கைகொட்டிச் சிரித்திருப்பார்களா என்று கேட்டார். கூட்டமும் நின்றது.

எல்லாரையும்விட அதிகமாகப் பொருமியவர் முபெர்ரா அம்மாள். கூட்டம் நின்றபோதெல்லாம் கைப்பையிலிருந்து எலுமிச்சை வாசனைக் கொலோன் பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்துகொண்டார்.

"இந்த மனுஷன் வாயை மூடினா நான் எப்பவோ உச்சியில நின்னுருப்பேன்" என்றார்.

பெரிஹானுக்கும் பொறுமை போய்விட்டது. "மாமா, மிச்சக் கேள்வியெல்லாம் பஸ்ஸுல கேளுங்க. உங்களால என் பொழப்பு போயிடும்."

ருஸ்தெம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முபெர்ரா அம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அப்புறம் கூட்டம் மடமடவென்று ஏறியது. பெரிஹானுக்கு அப்பாடா என்றிருந்தது. உச்சியிலிருந்த பழைய அரங்கத்தின் கல்படிகள் கண்ணில் பட்டதும்தான் திரும்பிப் பார்த்தாள்.

முபெர்ரா அம்மாள் கீழே ஒரு பாறையைப் பிடித்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது. கொலோன் பாட்டிலைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. பெரிஹான் பதறி இறங்கி ஓடினாள்.

"செருப்புல கல்லு, வேற ஒண்ணுமில்லை. நீங்க போங்க" என்றார் அந்தம்மா.

பக்கத்தில் ருஸ்தெம் வந்து நின்றிருந்தார். அந்தம்மாவை அவர் பார்க்கவே இல்லை. பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, பாறைமேல் வைத்தார்.

"கோவிச்சுக்காதே மகளே, ஒரே ஒரு கேள்வி. இந்த ஊர்ல பூனை இருந்துச்சா?"

"ஆரம்பிச்சாச்சு. பதிலைச் சொல்லித் தொலைம்மா, இல்லேன்னா விடமாட்டார். அதுவரைக்கும் நான் இப்படி உட்கார்றேன்" என்று முனகிக்கொண்டே முபெர்ரா அம்மாள் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர் வளைவுக்கு வளைவு கேள்வி கேட்டது யார் மூச்சு வாங்கிக்கொள்ள என்று பெரிஹானுக்கு அப்போதுதான் உறைத்தது. பெர்கேயின் கதவு மூடினால் மூடட்டும். தெரிந்த பூனை, தெரியாத பூனை எல்லாவற்றையும் இழுத்து, அந்தம்மா முகத்தில் ரத்தம் திரும்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுபடி நடக்கத் தொடங்கியதும் ருஸ்தெம் பக்கம் வந்து, அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லை மகளே, இன்னிக்கு பஸ்ஸுலதான் பார்த்தேன். என் வீட்டுக்காரியும் இவங்க மாதிரிதான். முடியலைன்னு கடைசிவரைக்கும் வாய் திறந்து சொல்லலை."

பாதையில் கிடந்த ஒரு கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"நானும் கேட்கலை."