தறிக்கொட்டகையின் பதில்

ஆலையில் தீப்பிடித்தால் ஒரே அறிவிப்பு எல்லாக் கொட்டகைகளுக்கும் பிரிந்து போக வேண்டும். தறிக்கொட்டகைக்கு மட்டும் போகவில்லை. சரிபார்க்க வந்த நெட்வொர்க் இன்ஜினியர் தாரணி காலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைப் பிடித்தாள். யாராவது கேட்கிறீர்களா என்று, அறிவிப்பைப் பிரித்தனுப்பும் நெட்வொர்க் சுவிட்ச் அவ்வப்போது ஒவ்வொரு கொட்டகையையும் விசாரிக்கும். அங்கிருக்கும் ஸ்பீக்கர் கேட்கிறோம் என்று பதில் அனுப்பினால்தான் குரலை அந்தப் பக்கம் விடும். தறிக்கொட்டகையின் பதில் பாதிவழியில் தொலைந்துபோனதால், அங்கே ஆளே இல்லையென்று அது முடிவுகட்டியிருந்தது.

வழியைத் திறந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மடிக்கணினியோடு கொட்டகைக்குள் போனாள். சாப்பாட்டு நேரம், தறிகள் ஓய்ந்திருந்தன. சோதனை அறிவிப்பைத் தட்டிவிட்டாள். தீ, எல்லோரும் வெளியேறுங்கள் என்று ஸ்பீக்கர் அலறியதில் அவள் கை தானாகக் காதுக்குப் போனது. தூக்குப்போசிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் நிமிரவில்லை.

பக்கத்திலிருந்த ரங்கம்மாளின் தோளைத் தொட்டு, "ஏனுங்க்கா, இந்தச் சத்தங் கேக்குதுங்களா?" என்றாள்.

வயசெல்லாம் காதடைக்கும் இரைச்சலில் தறியோட்டிய ரங்கம்மாள் அவள் உதடுகளையே பார்த்தாள். பிறகு அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள். "பச்ச லைட்டு எரியுதே கண்ணு. வேல செய்யுதாட்ட இருக்குது."

மடிக்கணினித் திரையில் தறிக்கொட்டகையின் பதில் இப்போது தவறாமல் வந்துகொண்டிருந்தது. கேட்கிறோம். கேட்கிறோம்.