துரை கொடுத்த சர்டிபிகேட்

ஏனோக் வீட்டுச் சுவரில், இயேசு படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் இங்கிலீஷ் கடுதாசி தொங்கியது. ஜெயகரன் வாத்தியாரின் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"துரை கொடுத்த சர்டிபிகேட் சார்," என்றார் ஏனோக். "பங்களாவுல பதினோரு வருசம் பட்லரா இருந்தேன். ஐம்பத்தேழுல துரை சீமைக்குப் போறப்ப எழுதிக் கொடுத்தாரு."

தங்கவயலில் இது புதுசில்லை. துரைமார்கள் விட்டுப்போன சர்டிபிகேட்டுகள் எத்தனையோ வீடுகளில் சாமி படங்களோடு தொங்குகின்றன. படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

"படிச்சுச் சொல்லுங்க சார், நாங்களும் கேக்கறோம்," என்றார் கூட வந்த தரகர் அப்பாதுரை.

நாணயமானவன், சுத்தமானவன், நன்றாகச் சமைப்பான் என்று சொல்லிக்கொண்டே வந்த ஜெயகரன், கடைசி வரியில் தடுக்கி நின்றார். "பிபுலஸ்..."

பதினெட்டு வருஷமாக இங்கிலீஷ் பாடம் நடத்துகிறவர். குடிப்பதில் பிரியமுள்ளவன் என்று அர்த்தம். குடிகாரன் என்று பச்சையாக எழுத மனசு வராதவர்கள், பாதி விளையாட்டாகப் போடுகிற வார்த்தை. அதைப்போய் இந்த மனுஷர் மாலை போடாத குறையாக மாட்டிவைத்திருக்கிறாரே!

பாவமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்ததை மறைப்பானேன்? ஜெயகரன் பெண் கேட்டு வந்திருப்பது தன் தம்பி சாலமோனுக்கு. சுரங்கத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து கேஜ் கூண்டில் மேலே வந்தால் நேரே சாராயக்கடை. கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று நம்பி, 'தம்பி காபிகூடத் தொடமாட்டான்' என்று சற்றுமுன்தான் கூசாமல் சொல்லியிருந்தார். ஏனோக்கின் மகள் லூயிசா காபி கொண்டுவந்து வைத்தபோது நெஞ்சு உறுத்தியது. இப்போது அந்த உறுத்தல் குறைந்தது. குடிகாரன் வீட்டுப் பெண்தானே, பழகியிருப்பாள்.

"பிபுலஸ்னா இன்னா சார்?" அப்பாதுரை விடவில்லை. ஊரெல்லாம் தமுக்கடிக்கிற வாய்.

"கடும் உழைப்பாளின்னு அர்த்தம்."

கதவோரம் நின்றிருந்த லூயிசா ஒரு கணம் வாத்தியாரை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புறப்படும்போது அப்பாதுரையை முன்னே போகவிட்டு, ஏனோக் வாசலில் மெதுவாகச் சொன்னார்:

"என் மானத்தைக் காப்பாத்தப் பொய் சொன்னீங்க. நல்ல மனசு சார். ஆனா அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்."

ஜெயகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"லூயிசாவுக்கு அப்ப பத்து வயசு. பள்ளிக்கூடத்து டிக்சனரில பார்த்துட்டு வந்து அழுதுச்சு. அன்னிக்குத்தான் சட்டம் போட்டு மாட்டினேன். ஒம்பது வருசமாச்சு, ஒரு சொட்டு தொட்டது இல்ல. காலைல ஜெபம் பண்றப்ப இயேசுவையும் பார்ப்பேன், அதையும் பார்ப்பேன்."

"அதான் விட்டுட்டீங்களே, இன்னும் ஏன் மாட்டி வெச்சிருக்கீங்க?"

"பொண்ணு கேட்டு வர்றவங்க, நான் யாருன்னு தெரிஞ்சே கேக்கட்டும்னுதான். மறைச்சுக் கட்டிக் கொடுக்கறது பாவம் இல்லீங்களா?"

ஜெயகரன் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி நின்றார்.

"எங்க வீட்டுது சுவத்துலயே தொங்குது. உங்க வீட்டுல அப்படி மாட்ட வேண்டியது எதனா இருக்குதா சார்?"

ஏனோக் குத்தலாகக் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவராகக் கேட்டார். அதுதான் ஜெயகரனால் தாங்க முடியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இருக்கு," என்றார். "லூயிசாவையும் கூப்பிடுங்க. அவளும் கேக்கணும்."