பவுனம்மாளுக்குத் தொண்டைக்கட்டு

“இன்னிக்குன்னு பார்த்தாக்கா தொண்டை கட்டணும்?”

இராஜம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பவுனம்மாள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, பேச்சு வராது என்று கையை விரித்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்றாலும், பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசுவது பவுனம்மாள்தான்.

இப்போது சிக்கல் இராஜம்மாவின் மகள் சந்திரகலாவுக்கு. மலேரியாவில் படுத்துப் பல நாள் பள்ளிக்குப் போகவில்லை. “மறுபடியும் இரண்டாம் வகுப்புதான்” என்றுவிட்டார் பெரிய டீச்சர். “அப்படின்னா படிச்சது போதும், வீட்டுல கிடக்கட்டும்” என்றுவிட்டான் அப்பன்.

நேற்று முழுக்க பவுனம்மாள் இராஜம்மாவின் உயிரை எடுத்திருந்தாள்.

“டீச்சர்கிட்ட நான் என்ன சொல்லணும்?”

“காய்ச்சல்லயும் வீட்டுல படிச்சிருக்கா, வாசிக்கச் சொல்லிப் பாருங்கன்னு சொல்லுக்கா.”

“எனக்கு மறதி. இன்னொரு தடவை சொல்லு. சத்தமா!”

அவ்வளவும் கேட்டுவிட்டு இன்று கழுத்தறுத்துவிட்டாளே! பொருமிக்கொண்டே மகளுடன் தனியாகக் கிளம்பினாள் இராஜம்மா.

பெரிய டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். “பவுனம்மாள் வரலியா?”

“நான்தாங்க இவ அம்மா.”

அவளே எதிர்பாராமல் வார்த்தை தங்கு தடையில்லாமல் வந்தது.

“காய்ச்சல்லயும் புத்தகத்தை விடல டீச்சர். மூணாங் கிளாஸ் பாடத்தைக் குடுத்துப் பாருங்க. தடுமாறினா நானே கூட்டிட்டுப் போயிடறேன்.”

டீச்சர் புத்தகத்தை நீட்டினார். சந்திரகலா மடமடவென்று வாசித்தாள். டீச்சர் வேறொரு பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். அதையும் வாசித்தாள்.

“போ, மூணாம் வகுப்புல உட்காரு.”

பெருமை தாங்காமல் திரும்பி வந்தாள் இராஜம்மா. லயத்து முனையிலேயே ஒரு குரல் காதைப் பிளந்தது.

“நேத்துப் புடிச்ச கெம்போங் மீனுக்கு இந்த விலையா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

பவுனம்மாள்! இராஜம்மாவைக் கண்டதும் அவசரமாகத் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

திட்டுவதற்கு வாயைத் திறந்த இராஜம்மாவுக்கு, நேற்றைய ‘சத்தமா!’ நினைவுக்கு வந்தது. கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு லெட்சுமி ஓடி வந்தாள்.

“நீயே பேசிட்டியாமேக்கா! என் மவனுக்குப் போர்டு சரியாத் தெரியல. முன்னால உட்கார வைக்கச் சொல்லி நாளைக்கு வந்து பேசறியா?”

“வரேன்” என்றாள் இராஜம்மா. “ஆனா எனக்கு மறதி ஜாஸ்தி. என்ன பேசணும்னு இன்னொரு தடவை சொல்லு. சத்தமா!”