சிவப்புப் பொட்டு

பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவமனை. போன மாதம் படகிலேயே மயங்கி விழுந்த சிப்பி வளர்ப்பாளர் எர்வே, சிகிச்சை மேசையில் விழித்தபடி படுத்திருக்கிறார். எட்டு வருடமாகத் தறிகெட்டு ஓடும் அவர் இதயத்துக்குள், தொடை வழியே போன மெல்லிய குழாயை நகர்த்துகிறார் டாக்டர் சோலேன். தொட்ட இடமெல்லாம் திரையில் நிறமாகப் பதிகிறது. நீலம், பச்சை, கடைசியில் ஒரு சிவப்புப் பொட்டு. கோளாறான மின்துடிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. “இங்கதான் ஒளிஞ்சிருக்கு. குழாய் நுனியால அந்த இடத்தைச் சுடப் போறேன், அசையாதீங்கய்யா.” “அலையிலயே அசையாம நிக்கிறவன், சுடுங்கம்மா.” நெஞ்சுக்குள் இளஞ்சூடு பரவுகிறது. இதயத் துடிப்பை ஒலிக்கும் கருவியின் படபடப்பு சட்டென நின்று, நிதானமான துடிப்பாக மாறுகிறது. எர்வேயின் கண் நிறைகிறது. “வலிக்குதா?” என்கிறாள் நர்ஸ் மயித்தே. “இல்லம்மா. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும். உள்ள இவ்வளவு அமைதியா... உங்களுக்கெல்லாம் தினமுமே இப்படித்தான் இருக்குமா?”