டெஷானுக்குக் கிடைக்காத சொந்த ஊர்

புது வீரர்களை அணிகள் முறைவைத்துப் பிரித்தெடுத்துக்கொள்ளும் வருடாந்திர வீரர் தேர்வு முடிந்த மறுநாள் காலை, மில்வாக்கி கூடைப்பந்து அணியின் மேலாளர் கர்ட் லெம்கே வழக்கமான கடைக்குச் சாப்பிடப் போனார்.

"முட்டை இருக்கா?"

"இருக்கு. உங்களுக்கு இல்ல," என்றார் கடைக்காரர். "நாலு வருஷமா நம்ம காலேஜுக்கு ஜெயிச்சுக் கொடுத்த டெஷானை விட்டுட்டு, பேரே வாயில நுழையாத ஒருத்தனை எடுத்திருக்கீங்க."

"அவன் ஏழடி உயரம்ப்பா."

"தெருவிளக்குக் கம்பம்கூடத்தான் உயரம்," என்றார் பக்கத்து மேஜைக்காரர். கடையே சிரித்தது. "இப்ப பாருங்க, நம்ம பையன் ரெண்டாயிரம் மைல் தள்ளி சாக்ரமென்டோவுக்கு ஆடப் போறான்."

லெம்கே எழுந்தார். மூலை மேஜையில் பஸ் டிரைவர் சீருடையில் இருந்த ஓர் அம்மாள் அவரைக் கையசைத்து அழைத்து, தன் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க சார். உங்களுக்கு நன்றி சொல்ல இந்த ஊர்ல நான் ஒருத்தியாவது இருக்கேன்."

"உங்களுக்கு டெஷானைப் பிடிக்காதா?"

"உசுரு. ஆனா அவன் இங்கேயே ஆடினா, ஒவ்வொரு மேட்ச்சுக்கும் சொந்தக்காரங்க, சர்ச்சுக்காரங்க, டிப்போ ஆளுங்கன்னு எல்லாரும் ஓசி டிக்கெட் கேட்டு என் வாசல்லதான் வந்து நிப்பாங்க."

லெம்கே நிமிர்ந்து பார்த்தார். "உங்க வாசல்லயா?"

"வேற எங்க, பெத்தவ வாசல்லதானே நிப்பாங்க? அவன் தம்பியும் அடுத்த வருஷம் தேர்வுக்கு வரான். மறக்காம அவனையும் விட்டுடுங்க சார்."