காலர் மைக்

கொல்லிமலை கொண்டை ஊசி வளைவில் உளவாளித் தொடரின் படப்பிடிப்பு. காதலித்துவிட்ட எதிரி நாட்டு உளவாளியைச் சுட மனமில்லாமல், நாயகி மெர்சி காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு ஒலிப்பதிவாளன் ஜான்பீட்டருக்குக் காதே சலித்துவிட்டது.

இடைவேளையிலும் அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை. மெர்சி தன் காலர் மைக்கை அணைக்க மறந்திருந்தாள்.

“நடிப்பு இல்ல மாறன். நிஜமாவே நீங்க இல்லாம என்னால முடியாது.”

“எனக்கும்தான்” என்றான் நாயகன் இளமாறன்.

மேனேஜர் காளியண்ணன் வந்து பக்கத்தில் குந்தினார். “ஏனுங்க தம்பி, இந்த யூனிட்டுல நெசமான உளவாளி நீங்கதான். அவங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் ஓடுதுங்களா? காதல், கல்யாணம்னு தெரிஞ்சா சேனல்காரங்க அந்தப் புள்ளையத் தூக்கிப்போடுவாங்க.”

ஜான்பீட்டர் பள்ளத்தாக்கைப் பார்த்தான். “ஒண்ணுமில்லீங்கண்ணா. வசனம் சொல்லிப் பாக்குறாங்க.”

சாயங்காலம் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மெர்சி இளமாறனின் காரில் ஏறி மலையடிவாரக் காரவள்ளிக்குப் போனாள்.

ஜான்பீட்டர் மைக் பெட்டியைத் திறந்தான். உள்ளே, சேனலுக்குத் தெரியாமல் மாதா கோவிலில் அவன் அவளுக்குக் கட்டிய தாலி கிடந்தது. தினமும் படப்பிடிப்பு முடிந்ததும் கை நீட்டி வாங்கிக்கொள்வாள்.

இன்றைக்கு அவள் கேட்கவே இல்லை.