மீன்முள்ளின் கருத்து

"சத்தியமா நீங்கதான் மீன்முள்ளா?" என்று பேக்கரிக்காரர் மறுபடியும் கேட்டார்.

வாசலில் நின்ற பெண் தலையாட்டினாள். மருந்துக்கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். பேக்கரிக்காரரால் நம்பவே முடியவில்லை. செல்போன் குரூப்பில் மீன்முள் என்ற பெயரில் தினமும் தன்னை வம்புக்கு இழுக்கும் அந்த ஆசாமி மீசை முளைக்காத பயலாகத்தான் இருப்பான் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லிவந்தவர் அவர்.

'எழுந்திரு' கதைத்தொடரின் வாசகர்கள் முதன்முதலாக நேரில் கூடிய நாள் அது. குரூப்பை நடத்தும் அம்மாள் ஒரு பல் டாக்டர் என்பதால், விடுமுறை நாளில் அவருடைய கிளினிக்கிலேயே கூட்டம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள் சாயும் நாற்காலிகளில் இன்று வாசகர்கள் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். செத்தவர்களை எழுப்பத் தெரிந்த ஒரு கல்லறைக் காவலாளியின் மகளைப் பற்றிய கதை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதியதுதான். ஆனால் அங்கே தலை நரைத்தவர்கள்தான் அதிகச் சத்தம் போட்டார்கள்.

தொடரின் கடைசிப் பாகம் அச்சுக்குப் போகப்போகிறது. அதன் பின்னட்டையில் போட ஒரே ஒரு வாசகர் கருத்தை அனுப்பும்படி பதிப்பகம் குரூப்பைக் கேட்டிருந்தது. குரூப்பின் பழைய பதிவுகளில் பேக்கரிக்காரர் எழுதியதா, மீன்முள் எழுதியதா என்பதில்தான் இழுபறி.

"அது எப்படியாவது புத்தகத்துல வரணும் டாக்டர். அதுக்காகத்தான் வந்தேன்," என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிட்டாள் அவள்.

"அவ்வளவு சுலபமா விட்டுருவேனா?" என்று பேக்கரிக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டார்.

சண்டை வழக்கம்போல மூன்றாவது பாகத்தில் ஆரம்பித்தது. அதில் கதாநாயகி தன் செத்துப்போன அண்ணனை எழுப்புகிறாள். ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. யாராவது அவனோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும்வரைதான் அவன் இருப்பான். யாராவது அழுதுவிட்டால் அந்த நிமிடமே மண்ணாக உதிர்ந்துவிடுவான்.

இதைவிட அழகான விதியை உலகத்தில் எவரும் எழுதியதில்லை என்பது பேக்கரிக்காரரின் கட்சி. அண்ணன் எழுந்து உட்கார்ந்ததும் "என் செருப்பை எவ எடுத்தா?" என்று கேட்கும் இடத்தை அவர் நடித்தே காட்டினார். அவர் முடிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். அடுத்த நொடியே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"சிரிச்சீங்க. நான் பார்த்தேன்," என்றார் பேக்கரிக்காரர்.

"அதெல்லாம் இல்லண்ணே. அந்தப் பாகம் முழுக்கக் கண்கட்டு வித்தை."

"குரூப்புல மைதா மாமா, மைதா மாமான்னு மானத்தை வாங்கிட்டு, நேர்ல அண்ணனா?"

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் வாதத்தில் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. இரண்டாம் பாகத்தில் எழுந்த தளபதிக்கு அந்த விதி ஏன் இல்லை என்று கேட்டாள். எழுந்தவர்களுக்குப் பசிக்காது என்றால் கதாநாயகி எதற்காக ரொட்டி எடுத்துப்போனாள் என்று மடக்கினாள். ரொட்டி என்றதும் பேக்கரிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். காதலும் மோதலும் நாலாம் பாகத்தில்தான் சூடுபிடிக்கின்றன என்று நடுவே நுழைந்த கல்லூரிப் பெண்ணை இருவரும் சேர்ந்து உட்காரவைத்தார்கள். மேஜைமேல் இருந்த பிளாஸ்டர் பல்செட்டு மட்டும்தான் அங்கே வாயைத் திறந்து சும்மா இருந்தது.

கடைசியில் டாக்டர் கைதட்டி எல்லோரையும் அடக்கினார். முதலில் பேக்கரிக்காரரின் கருத்தைப் படித்தார். நீளமாக இருந்தது. பிறகு மீன்முள்ளினுடையதை எடுத்தார்.

"சண்டை போட்டா செத்தவங்க நம்ம கூடவே இருப்பாங்கன்னா, எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் செத்திருக்க முடியாது. சுத்தப் பொய். அந்தப் பொய்யை நான் நாலு தடவை படிச்சேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கை தூக்கச் சொன்னபோது, அதற்கு ஆதரவாக முதலில் உயர்ந்தது பேக்கரிக்காரரின் கை.

"தோத்ததுல வருத்தம்தான். ஆனா இவ்வளவு நாள் என்னை மல்லுக்கட்ட வச்ச ஆளாச்சே," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டாள். பார்த்தவர்களுக்கே சந்தோஷமாக இருந்தது. புனைபெயரோடு சொந்தப் பெயரையும் பதிப்பகம் கேட்டிருப்பதாக டாக்டர் சொல்லி, பேனாவைத் திறந்தார்.

"என் தம்பி பேரைப் போடுங்க டாக்டர். அதை எழுதினது அவன்தான். குரூப்புல மீன்முள்ளும் அவன்தான்."

"அப்படின்னா அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"எனக்கு மூணாவது பாகம்னா உயிரு. அந்த விதி பொய்யின்னு அவன் என்னோட தினமும் சண்டை போடுவான்." அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. "போன மழைக்காலத்துல ஆஸ்பத்திரியிலேருந்து அவன் போனை மட்டும்தான் திருப்பிக் கொண்டுவந்தேன். அதுல பேக்கரி அண்ணன் நீங்க அவனை வம்புக்கு இழுத்து எழுதியிருந்தீங்க. அவன் என்ன சொல்லியிருப்பானோ அதை நான் பதில் போட்டேன். அன்னியிலேருந்து நீங்க எல்லாரும் அவனோடதான் சண்டை போட்டுட்டிருக்கீங்க."

கல்லூரிப் பெண்ணின் கை கண்ணுக்குப் போயிற்று. பேக்கரிக்காரர் சட்டென்று அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு மேஜையைத் தட்டினார்.

"அழக்கூடாது, யாரும் அழக்கூடாது. அந்த ரொட்டி விஷயத்துல மீன்முள் சொன்னது சுத்த அபத்தம். என்ன பதில் சொல்றான்னு கேட்டுச் சொல்லும்மா."